வளைவைக் கட்டுங்கள், அதற்கு முன் அந்த அறையைத் திறந்துவிடுங்கள்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

கடந்த பொதுக்கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் எடுத்திருக்கிறீர்கள். நூற்றாண்டு விழாவுக்குப் பாடசாலை வாசலில் வளைவு கட்டுவது, அதற்குச் சங்கத்தின் கையிருப்பு முழுவதையும் ஒதுக்குவது, இது ஒன்று. பழைய நூலக அறையில் சனிக்கிழமை தோறும் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் போக வழிகாட்டி நடந்துவந்த வகுப்பை நிறுத்திவிட்டு அந்த அறையை விழா அலுவலகமாக்குவது, இது மற்றது. வகுப்பை நடத்துகிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வட்ஸ்அப் குழுவில் வந்த கூட்ட அறிக்கையைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். செயலாளருக்கு நீளமாக எழுதினேன், கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

கூட்டத்தில் சொல்லப்பட்ட காரணத்தையும் கேள்விப்பட்டேன். "பிள்ளையை கெம்பஸுக்கு அனுப்புறது வரைக்கும்தான் பாடசாலையின் வேலை, அங்கே போனால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்." அந்த இடத்தில் பலர் கை தட்டினார்களாம். எனக்குப் பிரச்சினை வளைவோடு இல்லை, இந்தப் பேச்சோடுதான்.

இன்றைக்கு நம் பாடசாலையில் யார் படிக்கிறார்கள் என்று முதலில் பேசுவோம். நகரசபைத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை அறைகளான லயத்துப் பிள்ளைகள், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரின் பிள்ளைகள், புடவைக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை செய்கிற அம்மாமாரின் பிள்ளைகள், அம்மா குவைத்திலும் பிள்ளை பாட்டியிடமுமாக இருக்கிறவர்கள். கையில் கொஞ்சம் வசதி வந்ததும் நம்மில் பெரும்பாலானோர் சொந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றிவிட்டோம். நிர்வாகக் குழுவில் எத்தனை பேருடைய பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள் என்று கேட்டால் கோபம் வரும், ஆகவே கேட்கவில்லை. ஆனால் மிஞ்சியிருக்கிற இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது என்பதையாவது ஒத்துக்கொள்வீர்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அக்கறை நிறைய இருக்கிறது, ஆனால் அந்தக் குடும்பங்களில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் ஒருவருமில்லை.

பெறுபேறு வந்த பிறகு என்ன நடக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேடு ஒன்று வரும். தடித்த புத்தகம். ஒரே பாடநெறி பல பல்கலைக்கழகங்களில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு, அவற்றில் தனக்கு வேண்டியதை விருப்ப வரிசைப்படி போட்டு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வரிசையில்தான் எல்லாமே இருக்கிறது. மேலே போட்ட ஒன்றுக்கு உங்கள் இசட் புள்ளி, அதாவது உயர்தர மதிப்பெண்களிலிருந்து கணக்கிடுகிற தரப்புள்ளி, போதுமென்றால் அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே இருக்கிற எதையும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதாவது எங்கே படிக்கிறோம், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மொழியில், எவ்வளவு செலவு என்பதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் தீர்மானமாகிவிடும். சில பாடநெறிகளுக்கு இதுவும் போதாது. மொரட்டுவையில் கட்டடக்கலைக்குத் தனியாக ஒரு தகுதிகாண் பரீட்சை, மட்டக்களப்பு விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசைக்கும் நடனத்துக்கும் செய்முறைப் பரீட்சை. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனி முடிவுத் திகதி.

நம் பிள்ளைகள் இந்தப் பக்கத்தை எங்கே நிரப்புகிறார்கள் தெரியுமா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கொமியூனிகேஷன் கடையில். அங்கே லெப்டொப்போடு உட்கார்ந்திருக்கிற பையன் நல்ல பையன்தான், பில் கட்டுவது, போன் ரீலோட், பாஸ்போர்ட் படம், எல்லாம் அவனே பார்க்கிறான், கூட்டம் நெருக்கும்போது ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் பெரிது. எங்கள் வகுப்பு தொடங்குவதற்கு முந்திய வருடம் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை ஒருத்தி, அப்பா நகரசபையில் குப்பை வண்டி தள்ளுகிறவர், அம்மாவுக்கு நீரிழிவு. அவளுக்குப் பேராதனையில் முகாமைத்துவம் படிக்க ஆசை. காலையில் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கடைப் பையன் தனக்கு முந்தி வந்த பிள்ளைக்குப் போட்ட அதே வரிசையைப் போட்டுவிட்டான். அதில் ரஜரட்டை மேலே, பேராதனை கீழே. அவளுடைய புள்ளிக்கு ரெண்டுமே கிடைத்திருக்கும், ஆனால் வந்தது ரஜரட்டை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற, தினம் போய்வர முடியாத மிஹிந்தலைக்குப் போனாள். முதல் அரையாண்டு முடிவதற்குள் அம்மாவின் காலில் புண் பெரிதாகி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், இவள் வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நீங்கள் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, பதாகை அடித்து, பேஸ்புக்கில் படம் போட்டிருந்தீர்கள். அந்தப் படம் இன்னும் சங்கத்தின் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இன்னொரு பையனுக்கு இதைவிடச் சின்னக் காரணம். விண்ணப்பத்துக்கு ஈமெயில் வேண்டுமென்று கடையிலேயே ஒன்று உண்டாக்கிக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டை அவனும் எழுதி வைக்கவில்லை, கடைக்காரருக்கும் நினைவில்லை. தெரிவான செய்தியும் பதிவு செய்ய வேண்டிய திகதியும் அந்தப் பெட்டிக்குள் வந்து கிடந்தன. கூடப் படித்தவன் சொல்லித் தெரிந்துகொண்டு ஓடியபோது திகதி கடந்துவிட்டது.

சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் பெரிய அதிசயம் ஒன்றும் செய்யவில்லை. பேராதனையில் படிக்கிற நம் பழைய பிள்ளைகள் சிலரைக் கூட்டிவந்து, முந்தைய வருடங்களின் வெட்டுப்புள்ளிகளை, அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் கடைசியாக எடுபட்ட இசட் புள்ளிகளை, மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பிள்ளையையும் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்காரவைத்து, இந்தக் குறியீட்டை ஏன் மேலே போடுகிறோம், இதை ஏன் கீழே போடுகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். ஈமெயிலைப் பிள்ளையின் கையாலேயே உண்டாக்கி பாஸ்வேர்டைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதவைத்தோம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பரீட்சை அனுமதி அட்டையில் மூன்றாவது ஒன்று என்று வருவது நம் சனத்துக்குப் புதிதில்லையே, பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. அந்தத் திருத்தங்களைப் பெறுபேறு வருவதற்கு முன்பே தொடங்கவைத்தோம். மூன்று பாடம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை, உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் டிப்ளோமா, ஆசிரியர் பயிற்சி தருகிற கல்வியியற் கல்லூரி, பொல்கொல்லையில் இருக்கிற திறந்த பல்கலைக்கழக நிலையம் என்று வழி காட்டினோம். நாட்டில் வருடாவருடம் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறார்கள், உள்ளே எடுப்பது 40,000த்தைக் கொஞ்சம் தாண்டிய எண்ணிக்கையைத்தான். வெளியே நிற்கிற பெருங்கூட்டத்துக்குப் பதாகையும் கிடையாது, ஆலோசனையும் கிடையாது.

இதற்கெல்லாம் செலவு போட்டோகொப்பி, கரண்ட், பிளேன்டீ. அவ்வளவுதான்.

இப்போது ஒரு விஷயம், இதைக் கூட்டத்தில் யாரும் எடுத்திருக்கமாட்டீர்கள். நாம் கண்டி மாவட்டம். பல்கலைக்கழக இடங்களைப் பிரிக்கும்போது கலைப்பிரிவு பெரும்பாலும் நாடளாவிய திறமை வரிசையில் போகிறது. மற்றப் பிரிவுகளில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பதினாறில் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது, கண்டி இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் வாதாடவில்லை, கண்டியில் நாட்டின் பெரிய பாடசாலைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அந்தப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளோடுதான் நம் லயத்துப் பிள்ளை ஒரே மாவட்ட வரிசையில் நிற்கிறது. தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஏதாவது திட்டம் வந்தால் "நீங்கள் டவுன் பாடசாலை" என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நகரசுத்தி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கண்டி மகியாவையில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள், அவர்களும் தோட்டக் கணக்கில் வருவதில்லை. மலையகம் என்றால் கொழுந்துக் கூடை என்று எல்லோருக்கும் பழகிவிட்டது, நகரத்து ஏழை யாருடைய பட்டியலிலும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாடசாலையின் பழைய மாணவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அடுத்தது காத்திருக்கிற காலம். 2024 நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு, வகுப்புத் தொடங்குவது என்று இழுபடும். வசதியான வீட்டுப் பிள்ளை இந்தக் காலத்தில் ஆங்கில வகுப்புக்கும் கம்பியூட்டர் வகுப்புக்கும் போகும். நம் பிள்ளை கொழும்பு பஸ் ஏறும். மாதச் சம்பளம் ஒன்று வீட்டுக்கு வரத் தொடங்கி, அதை நம்பிச் சீட்டும் போட்டாகிவிட்டால், பிறகு படிக்கப் போகிறேன் என்று அந்தப் பிள்ளை எப்படி வாய் திறக்கும்? சனிக்கிழமை வகுப்பு இந்த மாதங்களுக்காகவே உண்டானது. கடையில் வேலை செய்துகொண்டே சனிக்கிழமை மட்டும் லீவு கேட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இப்போது கதவை மூடியிருக்கிறீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, என் தொழிலே அதுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் இருக்கிறது, ஆனால் அது இசட் புள்ளியில் சேராது, சேராததை யாரும் படிப்பதில்லை, சில வருடங்களில் நம் பாடசாலையில் அதற்கு ஆசிரியரே இருந்ததில்லை. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளையை ஒரே நாளில் அந்த மண்டபத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கிறோம். விஞ்ஞானபீடத்துக்குப் போன நம் பிள்ளை ஒருத்தி லீவுக்கு வந்தபோது கொப்பியைக் காட்டினாள். விரிவுரையாளர் சொன்ன ஆங்கிலத்தை முழுக்க முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள், காதில் விழுந்தபடி, பக்கம் பக்கமாக. இரவில் விடுதியில் உட்கார்ந்து அதை மறுபடி ஆங்கில எழுத்துக்கு மாற்றி, அகராதி பார்த்து, அப்புறம்தான் பாடம் படிக்கத் தொடங்குவாளாம். மூளையில்லாத பிள்ளை செய்கிற வேலையா இது? அவள் முதல் வருடம் இரண்டு பாடத்தில் தவறினாள். பல்கலைக்கழகம் தரும் ஆங்கில வகுப்பு இருக்கிறதுதான், ஆனால் அது பாடங்களோடு சேர்ந்தே ஓடுகிறது, தொடக்கத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு எட்டிப் பிடிக்க நேரமில்லை. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்தே தன் பாடத்தின் சொற்களை ஆங்கிலத்திலும் கேட்டுப் பழகியிருந்தால் இந்தச் சுமையில் பாதி குறையும், எங்கள் வகுப்பில் அதைத்தான் செய்தோம்.

பணம். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொல உதவிப்பணம் கிடைக்கும் என்பீர்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள், நல்லது. ஆனால் முதல் தவணை கைக்கு வருவது சேர்ந்து எத்தனையோ மாதம் கழித்து. அதற்கு முன்பு மெத்தை வேண்டும், வாளி வேண்டும், விடுதி கிடைக்காவிட்டால் போர்டிங்குக்கு அட்வான்ஸ் வேண்டும், மூன்று வேளை சாப்பிட வேண்டும். நம் பிள்ளைகள் முதல் மாதங்களில் ஒருநேரம் பணிஸும் பிளேன்டீயுமாகச் சமாளிப்பதை உங்களுக்கு யாரும் சொல்வதில்லை, வெட்கம். கிராம சேவகரிடம் வருமானச் சான்றிதழ் எடுக்கவே சில பிள்ளைகள் திண்டாடுகிறார்கள், லயத்து அறையில் மூன்று குடும்பம் இருந்தால் எந்தக் குடும்பத்தின் வருமானத்தை எழுதுவது?

பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர்கள் புதியவர்களைக் கொடுமைப்படுத்துகிற பகிடிவதையையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லத்தான் ஆளில்லை. பயந்து திரும்பி வருகிற பிள்ளையிடம் "எல்லோரும் தாங்கிக்கொள்கிறார்கள்" என்று புத்தி சொல்லி அனுப்புகிறவர்களில் நம் சங்கத்துப் பெரியவர்களும் உண்டு.

அரசாங்கத்தின் வேலை என்கிறீர்களே, சரி, மறுக்கவில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாணத்துக்கும் எழுதியிருக்கிறோம். மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, நமக்காக எழுந்து நின்று கேட்க ஓர் உறுப்பினர்கூட அங்கே கிடையாது. அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்தால் இந்த வருடம் பதின்மூன்றில் இருக்கிற பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன், வாசலில் வளைவு கட்டுவது மட்டும் யாருடைய வேலை?

வளைவே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நூறு வருடம் என்பது சின்ன விஷயமில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற அண்ணன்மார் ஆசையோடு அனுப்பிய பணம், அவர்களுக்குக் கண்ணில் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்பதும் புரிகிறது. ஆனால் அவர்களிடம் இந்த அறையைப் பற்றி யாராவது சொன்னீர்களா? எனக்குத் தெரிந்த இருவரிடம் கேட்டேன், இப்படி ஒரு வகுப்பு நடந்ததே அவர்களுக்குத் தெரியாது.

சரி, இனி நான் கேட்பவை.

பழைய நூலக அறையைச் சனிக்கிழமைகளில் மறுபடி எங்களுக்குத் தாருங்கள். விழா அலுவலகம் மற்ற ஆறு நாளும் அங்கேயே நடக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. இந்த அனுமதி வாய்ச்சொல்லாக இல்லாமல் அதிபரின் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும்.

வளைவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். பல்கலைக்கழகத்திலோ கல்வியியற் கல்லூரியிலோ டிப்ளோமாவிலோ சேருகிற பிள்ளைக்கு முதல் தவணை உதவிப்பணம் வரும்வரை மாதாமாதம் அந்தக் கணக்கிலிருந்து போகட்டும். மேடையில் காசோலை கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம், வங்கியில் போட்டுவிடுங்கள்.

பெறுபேறு வந்ததிலிருந்து விண்ணப்ப முடிவுத் திகதி வரை பாடசாலையின் கம்பியூட்டர் அறை மாலை நேரங்களில் திறந்திருக்க அதிபரோடு பேசுங்கள். உங்களில் ஆசிரியர்களாகவும் வங்கியிலும் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) இருப்பவர்கள் அந்த நாட்களில் முறைபோட்டு வந்து உட்காருங்கள்.

பாராட்டு விழாவை முதலாம் வருடப் பரீட்சை முடிந்த பிறகு வையுங்கள். அதுவரை தெரிவான ஒவ்வொரு பிள்ளையோடும் சங்கத்திலிருந்து ஒருவர் மாதம் ஒரு தடவையாவது போனில் பேச வேண்டும். கடந்த பத்து வருடத்தில் நாம் பதாகை அடித்த பிள்ளைகளில் யார் முடித்தார்கள், யார் இடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று தேடி, பிள்ளைகளின் பெயர் இல்லாமல் ஓர் அறிக்கையை அடுத்த பொதுக்கூட்டத்தில் வையுங்கள். அந்தத் தேடலை நாங்களே செய்து தருகிறோம், விலாசங்களும் கடிதத்தாளும் தந்தால் போதும்.

இதற்கான பதிலை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுத்து எங்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். மறுப்பதாக இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள், மறுத்தால் வகுப்பைக் கோவில் மண்டபத்தில் தொடர ஏற்பாடு செய்திருக்கிறோம். அப்படியானால் அந்த அறையில் பூட்டிக் கிடக்கிற கடந்தகால வினாத்தாள் கட்டுகளையும் வெட்டுப்புள்ளிக் கோப்புகளையும் எங்கள் இரண்டு வெண்பலகைகளையும் எடுத்துச்செல்ல இந்தச் சனிக்கிழமைக்குள் அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பின் ஆங்கில ஆசிரியை,
சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்